பகடையில்லாத கதையாட்டம்

1974இல் அமெரிக்காவில் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஒரு கதையாட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் பாத்திரங்களாகி முடிவெடுப்பர். எடுத்த முடிவு பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். “இது மார்க்கத்தில் கூடுமா?” என்று அனந்தபுரத்துப் பிள்ளைகள் கேட்கின்றனர்.

கதை கூடும், பகடை கூடாது என்பதே நம் கருத்து. பகடையாட்டத்தை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பந்தயம் இல்லாவிடினும் அது ஆகாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் நிலை.

கதைக்கு நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. செஞ்சிக் கோட்டை அருகிலேயே இருக்கிறது. 1714இல் ஆற்காட்டு நவாபை எதிர்த்து மடிந்த தேசிங்கு ராஜனுக்காக, அவருடைய தோழர் மகபத்கான் தம் திருமணத்தையே விட்டுப் போருக்கு வந்ததாக நாட்டுப்பாடல் கூறுகிறது. “அவரிடத்தில் நீ என்ன செய்வாய்?” என்று பிள்ளைகளைக் கேட்கலாம்.

ஆனால், பகடை விலகினால் தீர்ப்பு முழுவதும் நடத்துபவர் கைக்கு வந்துவிடுகிறது. வேண்டிய பிள்ளையை வெல்ல வைப்பதும், தாம் எண்ணிய முடிவுக்கே அனைவரையும் இழுப்பதும் அவருக்கு எளிது. ஒவ்வொருவர் சொல்லும் காரணத்தையும் ஒரே அளவுகோலால் எடைபோடுவதே நீதி. அது ஓர் அமானிதம். பாங்கு ஒலித்ததும் கதையை நிறுத்துவதும் அவர் பொறுப்பே.

அல்லாஹ் நன்கறிந்தவன்.