கழுவிய வண்டி இடக்குச் செய்வது ஏன்?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசலில் நாலு மழை பெய்துவிட்டால் போதும், மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் சேறாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் புஞ்சைக்குப் போய்வரும் வண்டியைக் கழுவாமல் இருக்க முடியாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளின் இடுக்கில் கரிசல் மண் அப்பிக் காய்ந்தால், காற்றினால் குளிரவேண்டிய எஞ்சின் சூடேறிக் கெடும். எனவே கழுவுவது தவறன்று. பம்புசெட் குழாயை நேரே எஞ்சின்மீது திருப்புவதே தவறு.

அவ்வாறு கழுவிய வண்டி, பால் கேனுடன் புறப்படும் நேரத்தில் திக்கித் திணறுகிறது. உடனே பட்டறைக்குத் தள்ளிச் சென்று, கார்புரேட்டரைப் பிரிக்கச் சொல்லி, ஒரு நாள் கூலியை இழப்போர் பலர். பெரும்பாலும் இது வீண் செலவு. கழுவும் வரை நன்றாக ஓடிய எஞ்சினுக்குள் புதிதாக வந்தது தண்ணீர் ஒன்றே. ஆகவே முதல் வேலை பிரிப்பதன்று, உலர்த்துவதே.

முதலில் பார்க்கவேண்டியது பிளக். அதற்கு வரும் மின்சாரம் பல ஆயிரம் வோல்ட் அழுத்தம் உடையது. பிளக் மூடிக்குள் ஈரம் இருந்தால், அது பொறியாகாமல் ஈரத்தின் வழியே எஞ்சின் உடம்பில் இறங்கிவிடும். எஞ்சினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, உட்புறத்தையும் பிளக்கின் வெள்ளைப் பீங்கானையும் உலர்ந்த துணியால் துடைத்து, சற்று வெயிலில் காயவிட வேண்டும்.

அதன் பிறகும் இழுவை இல்லாமல் கரும்புகை வந்தால் ஏர் பில்டர் நனைந்திருக்கலாம். நனைந்த காகித பில்டர் காற்றை விடாது. அதை உலர்த்த வேண்டும். சிதைந்திருந்தால் மாற்ற வேண்டும்.

மூன்றாவது பெட்ரோல். இப்போது கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். இது சிறிதளவு தண்ணீரைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். ஆகவே டாங்க் மூடியின்மீது தண்ணீர் பாய்ச்சலாகாது. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் குழாயை அடைத்து, அடிக்கிண்ணத் திருகைத் தளர்த்தி, கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பார்க்கலாம். தண்ணீர் இருந்தால் அடியில் தனியே தெரியும். அருகில் பீடி, நெருப்பு கூடாது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. எரிபொருளைப் பீய்ச்சும் மின்னணு அமைப்பு உள்ளது. பிளக்கும் பில்டரும் உலர்ந்த பிறகும் இவ்வண்டிகள் சரியாகாவிட்டால் பட்டறைக்குக் கொண்டுபோவதே முறை.

கழுவும் முன் எஞ்சின் நன்கு ஆறவேண்டும். சைலன்சர் வாயையும் ஏர் பில்டர் வாயையும் பிளாஸ்டிக் பையால் கட்டி, முடிந்ததும் மறவாமல் அவிழ்க்க வேண்டும். அப்பிய மண்ணை மரச் சிம்பால் சுரண்டிவிட்டு, ஈரத் துணியால் துடைத்தால் இரண்டு வாளித் தண்ணீரே தாராளம். பல கிணறுகளில் உவர்நீர் ஊறும் இந்தச் சீமையில், பாய்ச்சிக் கழுவுவது மின்கம்பி முனைகளை அரிக்கவும் செய்யும். பயிருக்கே தண்ணீர் போதாத மானாவாரிப் பூமியில், வண்டிக்குக் குழாய்க் குளியல் இருவகை நட்டமாகும்.