உங்கள் மெயில் சர்வரை இன்றே சோதியுங்கள்

தோழர்களே, கேரம் டவுன்ஸில் பட்டறைகளுக்கும் கிடங்குகளுக்கும், நம் சங்கங்களுக்கும் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிகளுக்கும் மெயில் சர்வர் பார்த்துக்கொடுக்கிற உங்களைத்தான் அழைக்கிறேன்.

1982இல் ஜான் போஸ்டல் எஸ்எம்டிபி நெறிமுறையை எழுதியபோது, அனுப்புகிறவர் யார் என்று விசாரிக்கும் வழியே அதில் கிடையாது. யார் கொடுத்தாலும் வாங்கி அடுத்த சர்வருக்குக் கடத்துவதே வழக்கம். ஸ்பாம்காரர்கள் வளர்ந்தது அந்த நம்பிக்கையைத் தின்றுதான். கடவுச்சொல் கேட்கும் 'ஆத்' நீட்சிக்கான தரம் 1999இல்தான் வந்தது.

இன்று அந்தக் கடவுச்சொல்லே ஓட்டையாகிவிட்டது. ஸ்கேன் செய்த தாளை மெயிலில் அனுப்ப, பிரின்டருக்கென்று எவரோ எப்போதோ திறந்த கணக்கு. அதன் பெயரேதான் கடவுச்சொல்லும். பாட்கள் இரவு பகலாக ஊகித்துப் பார்ப்பது இப்படிப்பட்ட கணக்குகளைத்தான். ஒன்று சிக்கினால் போதும், விடிவதற்குள் ஆயிரக்கணக்கில் ஸ்பாம் போய்விடும். பிறகு ஸ்பாம்ஹவுஸ் கறுப்புப் பட்டியலில் உங்கள் ஐபி. பட்டறையின் இன்வாய்ஸும் பெற்றோருக்கான பள்ளி அறிவிப்பும் திரும்பி வரும். யாரோ செய்த களவுக்கு நம் பிள்ளைகளின் பள்ளி ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்?

யார் கொடுத்தாலும் கடத்திவிடும் திறந்த ரிலேயாக உங்கள் சர்வர் இருக்கிறதா என்ற சோதனையை வெளியிலிருந்து செய்யுங்கள். அனுப்புநர், பெறுநர் இருவரும் வெளி டொமைனாக இருக்கட்டும். பெறுநர் முகவரிக்குச் சர்வர் 550 அல்லது 554 என்று மறுக்க வேண்டும். 250 என்றால் பெரும்பாலும் ரிலே திறந்திருக்கிறது. வீட்டு இணைப்புகளில் 25ஆம் போர்ட்டைப் பல நிறுவனங்கள் அடைத்துவைக்கும். பதில் வராததைப் பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள். ரூட்டரையும் பாருங்கள். வெளி இணைப்பையெல்லாம் தன் உள் முகவரிக்கு மாற்றி அனுப்பினால், உலகமே அலுவலகத்துக்குள் இருப்பதாகச் சர்வர் நம்பி, கடவுச்சொல் கேட்காமலே அனுப்பிவிடும். டிஎல்எஸ் தொடங்குமுன் 'ஆத்' கேட்கிறதா, தவறான முயற்சிகளை எத்தனைக்குப் பின் தடுக்கிறது என்பதையும் பாருங்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் எந்தச் சர்வரையும் தொடாதீர்கள். அனுமதியின்றி அடுத்தவர் கணினிக்குள் நுழைவது ஆஸ்திரேலியாவில் குற்றம். நல்லெண்ணம் அதற்குச் சாக்காகாது.

யார் எந்தச் சர்வரைப் பார்ப்பது என்று இன்றே பிரித்துக்கொள்வோம். அனுமதிக் கடிதத்தை இன்று மாலையே கேளுங்கள். கையில் கிடைத்ததும் முதலில் அந்தப் பிரின்டர் கணக்கை மூடுங்கள்.