ஆளில்லாத நாற்காலியும் அணையாத மானிட்டரும்

உங்கள் பான் நம்பர், பேங்க் பாக்கி, வீட்டுக் கடன் எல்லாவற்றையும் ஒரு டி.வி.யில் ஓடவிட்டு, வந்து போகிறவர்களெல்லாம் பார்க்கட்டும் என்று வைத்தால் சும்மா இருப்பீர்களா? ஒருவேளை சும்மாதான் இருந்திருப்பீர்கள். உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

2022 செப்டம்பரில் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலத்தில் பராமரிப்பு வேலைக்காகப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். திறந்தது 2023 மார்ச்சில். என் நண்பர் ஒருவர் வரி ஆலோசகர். வீடு ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில், ஆபீஸ் தில்லை நகரில். தினமும் சுற்றிக்கொண்டு போக அலுத்துப்போய், ஆபீஸ் கம்ப்யூட்டரை வீட்டிலிருந்தே இயக்க ஒரு சாஃப்ட்வேர் போட்டுக்கொண்டார்.

ஒரு நாள் ஏதோ காகிதம் வாங்க அந்த ஆபீஸுக்குப் போனேன். நண்பரின் நாற்காலி காலி. எதிரே மானிட்டரில் மவுஸ் அம்பு தானாக நகர்கிறது. யாரோ ஒருவருடைய பேங்க் கணக்கு பக்கம் பக்கமாகத் திறந்து மூடுகிறது. காபி கொண்டுவந்த பையன், ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், நான் என மூன்று பேரும் ஓசியில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

போன் போட்டுச் சொன்னேன். "ஐயையோ, மானிட்டரைக் கழட்டிடுப்பா" என்றார். கழற்றினோம். அந்தப் பக்கம் அவருக்குத் திரை சுருங்கிவிட்டது. மானிட்டர் இல்லை என்று தெரிந்தால் பல கம்ப்யூட்டர்கள் ஒழுங்காக வரைவதில்லை. தவிர, அவருடைய உதவியாளர்கள் இரண்டு பேரும் ஸ்ரீரங்கத்துக்காரர்கள். ஒரே திரையில் மூவரும் முறை வைத்து வேலை செய்தார்கள். மெக்கானிக் வந்து இரண்டு யோசனை சொன்னார். "இன்னும் ரெண்டு கம்ப்யூட்டர் வாங்குங்க. இல்லாட்டி ஒரு பேட்ச் போட்டுத் தர்றேன், மூணு பேரும் ஒரே மிஷின்ல வேலை பாக்கலாம்."

இரண்டுமே தேவையில்லை என்பதுதான் என் கட்சி.

மானிட்டர் வேறு, திரை வேறு. கம்ப்யூட்டர் தன் மெமரியில் வரைவதுதான் திரை. மானிட்டர் அதைக் காட்டும் கண்ணாடி. மெமரிக்குள்ளேயே ஒரு திரையை வரைந்து, அதை நெட் வழியாக உங்களுக்கு மட்டும் அனுப்ப முடியும். இதற்குப் பெயர் மெய்நிகர் திரை. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இது புரியாததல்ல. மூலவர் இடத்தை விட்டு அசையமாட்டார். வீதிக்கு வருபவர் நம்பெருமாள்.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் போட்டுத்தான் நம்புவேன். 1920 புள்ளி அகலம், 1080 புள்ளி உயரம், புள்ளிக்கு 4 பைட். பெருக்கினால் சுமார் 83 லட்சம் பைட், அதாவது 8 எம்.பி. 8 ஜி.பி. மெமரி உள்ள மிஷினில் ஆயிரத்தில் ஒரு பங்கு! ஒவ்வொருவரும் திறக்கும் புரோகிராம்களுக்குத் தனியாக மெமரி வேண்டும், சரி. திரைக்கு ஆகும் செலவு இவ்வளவுதான்.

அப்புறம் எது தடுக்கிறது? லைசென்ஸ். விண்டோஸ் ஹோம் வாங்கினால், வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே வரும் வசதியே கிடையாது. புரோ வாங்கினால் உண்டு, ஆபீஸ் மானிட்டரும் பூட்டிக்கொள்ளும். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான். அதற்கு மேல் சர்வர் பதிப்பு, தலைக்கு ஒரு லைசென்ஸ். மிஷினால் முடிந்ததை ரசீது தடுக்கிறது.

மைக்ரோசாஃப்ட் வியாபாரி, விற்கட்டும். என் கோபம் நம் பேட்ச் புத்தி மேல். அப்டேட் வந்தால் பேட்ச் படுத்துவிடும். உடனே மெக்கானிக் அப்டேட்டையே நிறுத்திவிடுவார். 2019 மே மாதம் இதே ரிமோட் டெஸ்க்டாப்பில் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. எப்போதோ கைகழுவிய எக்ஸ்.பி.க்குக்கூட மைக்ரோசாஃப்ட் அவசரமாக அடைப்பு அனுப்பியது. அப்டேட்டை நிறுத்தியவர் வீட்டில் கதவு திறந்தே கிடந்தது. உங்கள் கணக்கும் அந்த வீட்டில்தானே இருக்கிறது?

லினக்ஸில் இந்தத் தடை இல்லை. மானிட்டரே இல்லாமல் திரை வரைய எக்ஸ்.வி.எஃப்.பி., அதைத் தொலைவிலிருந்து பார்க்க வி.என்.சி. இரண்டும் இலவசம். வி.என்.சி. 1990களின் இறுதியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வந்தது. ஒரே எச்சரிக்கை: அதை அப்படியே இணையத்தில் திறந்துவிடாதீர்கள். எஸ்.எஸ்.ஹெச். என்ற பூட்டிய குழாய் வழியாக மட்டும் அனுப்புங்கள்.

'டாலி விண்டோஸில்தானே ஓடும்?' என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பணம் கட்டி லைசென்ஸ் வாங்குங்கள். தொழிலில் அதுவும் ஒரு செலவு, பேரேட்டில் எழுதுங்கள். மற்ற வேலைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, சின்ன ஆபீஸுக்கு ஏன் லினக்ஸைப் பார்க்கவே மாட்டேன் என்கிறோம்?

திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் 'பரம் பொருள்' என்ற சூப்பர் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தார்கள். 838 டெராஃப்ளாப் வேகம். அதன் முன்னால் மானிட்டர் வைத்துக்கொண்டு யாரும் உட்காருவதில்லை. தொலைவிலிருந்துதான் வேலை. அதே ஊரில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் சிலரிடம் மெய்நிகர் திரை பற்றிக் கேட்டேன். விழித்தார்கள். குற்றம் பிள்ளைகளுடையதல்ல. லேப் என்றால் எத்தனை மானிட்டர் என்று மட்டும் எண்ணுகிற நம்முடையது.

பாலம் திறந்துவிட்டது. வீட்டிலிருந்து வேலை செய்யும் பழக்கம் நிற்கவில்லை. நண்பர் தன் மிஷினுக்கு புரோ வாங்கிவிட்டார், பேட்ச் போடவில்லை. 2023லேயே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிவிட்டது. சட்டம் வந்து உங்கள் ஆடிட்டர் ஆபீஸ் மானிட்டரை அணைக்காது. அடுத்த முறை ஃபைலைக் கொடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், நீங்க வீட்லேர்ந்து வேலை பாக்கும்போது, என் கணக்கு இங்க மானிட்டர்ல ஓடுமா?"

பதில் சொல்ல அவர் யோசித்தால், ஃபைலைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.