இறுகிப்போன மூடி



டெல்லியின் ஜனவரி மாதக் குளிரை நீங்கள் அறிவீர்கள். அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை மாலையில் சகோதரர் ஒருவரின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். மறுநாள் ஆராதனைக்குத் திரிலோக்புரியிலிருந்து வயதான தாய்மார்களைத் தம்முடைய வேனில் ஏற்றிவர வேண்டியவர் அவர். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தபோது ஆயில் கீழ்க்கோட்டிற்கும் கீழே இருந்தது. காஷ்மீரி கேட்டில் வாங்கிய புதிய ஆயில் டப்பா கையில் இருந்தது. ஆயில் ஊற்றும் மூடியோ அசையவில்லை. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் புத்தியில்லாத கன்னிகைகளிடம் எண்ணெய் இல்லை. இவரிடம் எண்ணெய் இருந்தும் ஊற்ற வழியில்லை.

கோபத்தில் சுத்தியலையும் ஸ்குரூடிரைவரையும் எடுத்தார். பக்கத்து வீட்டு முதியவர், நெடுங்காலம் டாக்சி ஓட்டிய சர்தார்ஜி, ஓடிவந்து தடுத்தார். பிளாஸ்டிக் மூடி உடைந்து துண்டுகள் உள்ளே விழுந்தால் என்ஜினே கெட்டுப்போகும் என்றார். சூடாயிருந்த என்ஜினை முதலில் ஆறவிடச் சொன்னார். மூடியைச் சுற்றியிருந்த தூசியைத் துணியால் துடைத்தார். துரு இளக்கும் எண்ணெயில் சில துளிகளை ஓரத்தில் விட்டு, “கால்மணி நேரம் பொறுங்கள்” என்றார்.

அந்தக் கால்மணி நேரத்தில்தான், பிரியமானவர்களே, கர்த்தர் பேசினார். சகோதரர் படிக்கட்டில் அமர்ந்து, “பாஸ்டர், போனமுறை ஆயில் கசிந்துவிடுமோ என்ற பயத்தில் நான்தான் இதைப் பிளையரால் இறுக்கினேன்” என்றார். சற்று மௌனமாயிருந்து, “என் மகனையும் அப்படித்தான் இறுக்கிவிட்டேன்” என்று கண்கலங்கினார். அந்தப் பிள்ளைக்காக ஜெபிக்கவே நான் சென்றிருந்தேன். அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்தது முதல் தகப்பனின் வார்த்தைகள் சம்மட்டியாய் விழுந்தன. அவன் பேச்சை நிறுத்தினான், சபைக்கு வருவதையும் நிறுத்தினான். அன்றும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தான்.

சகோதரர் எழுந்துபோய், கதவுக்கு வெளியே நின்று, “தம்பி, அப்பா பேசினது தப்பு” என்றார். உள்ளேயிருந்து பதில் வரவில்லை.

திரும்பி வந்தபின், பழைய ரப்பர் டியூப் துண்டை மூடியில் சுற்றி, கீழ்நோக்கி அழுத்தி, இப்படியும் அப்படியுமாகச் சிறிது சிறிதாக அசைத்தார்கள். இருட்டிவிட்டது. அப்பொழுது பின்னாலிருந்து டார்ச் வெளிச்சம் விழுந்தது. மகன் நின்றுகொண்டிருந்தான். ஒன்றும் பேசவில்லை, வெளிச்சத்தை மட்டும் பிடித்திருந்தான். மூடி திறந்தது.

மூடிக்குள் இருந்த ரப்பர் வாஷர் மரக்கட்டையைப்போல் இறுகியிருந்தது. புதிய வாஷரைப் போட்டு, அதன்மேல் விரலால் சிறிது ஆயில் தடவி, “இனிக் கையால் மட்டும் மூடுங்கள்” என்றார் சர்தார்ஜி. கசிவைத் தடுப்பது கையின் பலமல்ல, வாஷரின் மென்மையே.

அந்நிய பட்டணத்தில் பிள்ளை கெட்டுவிடுவானோ என்று பயப்படுகிற தகப்பன்மாரே, தாய்மாரே, அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் பயத்தினால் இறுக்கினது அன்பினால் மட்டுமே திறக்கும். எபேசியர் 6:4-ஐயும் கொலோசெயர் 3:21-ஐயும் இன்று முழங்காலில் நின்று வாசியுங்கள். கோபம் ஆறட்டும். அபிஷேகத்தைக் கேட்கிற நாம், அது தங்குவதற்கேற்ற மென்மையான இருதயத்தையும் கேட்போம். தவறினோமென்றால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வெட்கப்படவேண்டாம். கேட்டபின் பொறுத்திருங்கள்.

அந்த மகன் மறுநாள் ஆராதனைக்கு வரவில்லை. மூன்றாம் ஞாயிறன்று, தகப்பனுக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வந்தான்.

கர்த்தர் தாமே உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.