வெள்ளையடிப்பதற்கு முன்

பூர்வீக வீடு கைமாறுவது குறித்து நம் கதைகளிலும் கவிதைகளிலும் நிறையவே கண்ணீர் சிந்தப்பட்டிருக்கிறது. அந்தக் கண்ணீரைக் குறைசொல்வதற்கில்லை. ஆனால் அது பெரும்பாலும் வீடு போன பிறகு வருவது. விற்பதென்று முடிவான நாளுக்கும் பத்திரம் பதிவாகும் நாளுக்கும் இடைப்பட்ட ஓரிரு மாதங்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ஒரு குடும்பம் எதை மறைக்க விரும்புகிறது, எதைக் குப்பை என்று நினைக்கிறது, யாரையெல்லாம் கணக்கில் சேர்க்கிறது என்பது வெளிப்படும் காலம் அதுதான்.

கும்பகோணத்திலோ காரைக்குடியிலோ மதுரையின் உள்தெருக்களிலோ இன்று விற்பனைக்கு வரும் பழைய வீடுகளின் நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான். பெற்றோர் மறைந்து சில வருடங்களாகப் பூட்டிக் கிடப்பவை. பிள்ளைகள் வெளியூரில். செலவழிக்கக் கையில் இருப்பதோ சில ஆயிரங்கள். தரகர் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மொதல்ல வெள்ளையடிச்சு வச்சிடுங்க சார், மத்ததை நான் பாத்துக்கறேன்" என்கிறார். இருக்கிற பணமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கே போய்விடுகிறது. வெள்ளையடிப்பது கடைசி வேலை என்பதும், பல வீடுகளில் தேவையே இல்லாத வேலை என்பதும் நம் கருத்து.

முதலில் சுவரைப் பார்ப்போம். பழைய வீடுகளின் சுவர் சுண்ணாம்புக் காரை பூசியது. அது ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் தன்மை கொண்டது. அதன்மேல் பளபளக்கும் பிளாஸ்டிக் பெயின்ட்டை அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கும். முதல் மழைக்காலத்திலேயே பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரியும். அதற்குள் பத்திரம் முடிந்திருக்கும் என்பதுதான் பலரது நம்பிக்கை. விரிசலில் பட்டி பார்ப்பதும், கரையான் அரித்த நிலைக்காலில் வார்னிஷ் பூசுவதும் இதே வகை. இவற்றைச் 'சின்னச் செலவில் பெரிய லாபம்' என்று புத்திசாலித்தனமாகச் சொல்லிக்கொள்கிறோம். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய இயலாத முக்கியமான குறை சொத்திலோ அதன் உரிமையிலோ இருந்தால் விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது அதன் 55ஆம் பிரிவு. சொல்லாமல் விடுவதை மோசடியாகவே அது கருதுகிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வாங்குகிறவர் பெரும்பாலும் நம்மைப் போன்ற ஒருவர். வங்கிக் கடன் போட்டு, நகையை விற்று வருகிறவர். அவரது முதல் மழைக்காலத்தைப் பற்றி நாம் யோசிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அப்படியானால் அந்தச் சில ஆயிரங்களை எதில் செலவிடுவது? மொட்டைமாடிச் சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்றில் தொடங்கலாம். அதை ஒடித்துப் போட்டால் மீண்டும் துளிர்க்கும். வேர்வரை தோண்டி எடுத்துச் சுண்ணாம்பு வைத்து அடைக்க வேண்டும். மழைநீர்க் குழாயில் அடைத்திருக்கும் சருகை எடுப்பது, உடைந்த ஓடுகளை மாற்றுவது, ஒழுகும் குழாய்க்கு வாஷர் போடுவது, துருவேறிய கீல்களுக்கு எண்ணெய் விடுவது எல்லாம் ஒரு கொத்தனாரும் ஒரு பிளம்பரும் இரண்டு நாளில் முடிக்கிற வேலை. பூட்டிக் கிடந்த வீட்டின் வாடைக்கு ஊதுபத்தி மருந்தல்ல. ஒரு வாரம் சன்னல்களைத் திறந்துவைத்தாலே பாதி போய்விடும். சிவப்பு ஆக்சைடு தரையை நன்றாகக் கழுவிக் காயவிட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் அதன் பழைய நிறம் திரும்பும். அதன்மேல் டைல்ஸ் ஒட்டுவதைப் போன்ற வீண்செலவு வேறில்லை. சுவருக்குச் சுண்ணாம்புதான் வேண்டுமென்றால் துளி நீலம் கலந்த சுண்ணாம்பே அடிக்கலாம். மலிவானது, அந்தச் சுவருக்கு உகந்ததும் அதுவே. வாஸ்துவுக்காக வாசலை மாற்றி வைக்கும் வேலையை வாங்குகிறவரின் நம்பிக்கைக்கே விட்டுவிடலாம்.

"எப்படியும் வாங்குகிறவன் இடிக்கத்தானே போகிறான், இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பல வீடுகள் மனை விலைக்குத்தான் போகின்றன. திருவல்லிக்கேணியில் உ.வே.சாமிநாதையர் வாழ்ந்த வீடே 2012இல் இடிபட்டது என்கிறபோது மற்ற வீடுகளைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் இடிக்கப்போகும் வீடென்றால் பெயின்ட் இரட்டை வீண் அல்லவா? அத்தகைய வீட்டில் தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் தனி விலை உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அவற்றின் மதிப்பை விசாரித்து வைத்துக்கொண்டு பேரம் பேசுவதற்குச் செலவே கிடையாது.

இனி, இப்பக்கத்தின் வாசகர்களுக்கு மிக நெருக்கமான விஷயம். வீட்டை 'ஒதுங்க வைப்பது' என்றால் முதலில் காலியாவது பரண். தாத்தாவின் கடிதக்கட்டு, திருமண அழைப்பிதழ்கள், நாடக நோட்டீசு, அட்டை கிழிந்த பழைய பத்திரிகைகள், வரவுசெலவு நோட்டு எல்லாம் ஒரே பிற்பகலில் தராசில் ஏறிப் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகின்றன. ஏட்டுச்சுவடிகள் ஆற்றிலும் தீயிலும் போன கதையை உ.வே.சா. எழுதியதைப் படித்து நாம் பதறியிருக்கிறோம். நம் வீட்டுப் பரணில் நடப்பது மட்டும் நமக்குத் துப்புரவுப் பணியாகத் தெரிகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்தவை இப்படிப்பட்ட காகிதங்கள்தாம். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. எல்லோரும் ரோஜா முத்தையா ஆக வேண்டியதில்லை. எடைக்குப் போடும்முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தால் போதும். தேறுவதைப் பக்கத்திலுள்ள நூலகத்திடமோ ஆய்வாளரிடமோ காட்டலாம்.

பரணில் வேறொன்றும் கிடைக்கக்கூடும்: மூலப்பத்திரம். வாங்குகிறவர் வீட்டின் மதிப்பில் 7 சதவீதம் முத்திரைத்தீர்வையும் 2 சதவீதம் பதிவுக்கட்டணமும் தனியே கட்டப்போகிறவர். முப்பது லட்ச ரூபாய் வீட்டுக்கு அதுவே 2,70,000 ரூபாய். அவர் சுவரின் நிறத்தைவிடக் காகிதத்தின் தெளிவைத்தான் கவனிப்பார், கவனிக்கவும் வேண்டும். வில்லங்க விவரத்தையும் பட்டாவையும் இன்று அரசின் இணையத்தளங்களில் கட்டணமின்றியே பார்க்கலாம். தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டா, கட்டாத சொத்துவரி, மறைந்தவர் பெயரில் ஓடும் மின் இணைப்பு, வாங்காத வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு ஒரு அறைக்குப் பெயின்ட் அடிக்கும் செலவைவிடப் பெரும்பாலும் குறைவு. ஆனால் அலைச்சல் அதிகம். அதனால்தான் நாம் பெயின்ட்டைத் தேர்ந்தெடுக்கிறோம் போலும்.

வாரிசு என்றதும் பேச்சு தயங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. வீட்டின் பெண்கள். உயிலின்றி இறந்த இந்துத் தந்தையின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்குச் சமபங்கு 1956இலேயே உண்டு. ஆனால் குடும்பம் வசிக்கும் வீட்டை, ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை பெண் வாரிசு பிரிக்கக் கோர முடியாது என்று அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுத்து வைத்திருந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தரும் திருத்தத்தைத் தமிழகம் 1989இலேயே கொண்டுவந்தது. 2005இல் நாடு முழுவதும் அந்த உரிமை வந்தபோது அந்த 23ஆம் பிரிவும் நீக்கப்பட்டது. சட்டம் மாறி இருபதாண்டுகள் கடந்தும் பல வீடுகளில் வழக்கம் மாறவில்லை. தரகரிடம் பேசி, விலை முடிவாகி, முன்பணம் வாங்கிய பிறகுதான் அக்காவுக்குத் தொலைபேசி போகிறது: "ஒரு கையெழுத்து வேணும், ஒரு நாள் வந்துட்டுப் போயேன்." அவள் வருகிறாள். கல்யாணத்துக்குச் செய்தாயிற்று என்கிற பழைய கணக்கு ஒப்புவிக்கப்படுகிறது. அவளும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் போகிறாள். சில சமயம் வழக்குப் போடுகிறாள். வழக்குப் போட்டால் பேராசைக்காரி என்று பெயர். முதல் நாளே அவளிடம் பேசியிருந்தால் செலவு ஒரு தொலைபேசி அழைப்புதான்.

ஆகவே, விற்பனைக்கு வீட்டைத் தயார் செய்ய விரும்புகிறவர்களுக்கு நாம் சொல்லக்கூடிய வரிசை இது: முதலில் உடன்பிறந்தவர்கள், பிறகு பத்திரங்கள், பிறகு பரண், பிறகு அரசங்கன்றும் ஒழுகும் குழாயும். இத்தனைக்கும் பிறகு பணம் மிச்சமிருந்தால் வெள்ளையடிக்கலாம். ஈரம் கசியும் அந்த மூலையை மட்டும் அப்படியே விட்டு, வருகிறவரிடம் கைநீட்டிக் காட்டிவிடுவது நல்லது. விலையில் கொஞ்சம் குறையும். குறையட்டும்.