ஸ்கை ரூமுக்கு அழுகிறவர்களே, ஒரு நிமிஷம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது குடிக்கு வக்காலத்து இல்லை. நானே வருஷத்துக்கு நாலு பீர் குடித்தால் அதிகம். இது கணக்குக்கு வக்காலத்து. பி.காம் படித்து வங்கியில் தலை நரைத்தவனுக்கு வேறென்ன தெரியும்? :-)

கொல்கத்தாவில் டிசம்பர் வந்தால் இரண்டு விஷயம் நிச்சயம். ஒன்று, புது வெல்லம் போட்ட சந்தேஷ். இன்னொன்று, பார்க் ஸ்ட்ரீட்டைப் பற்றிய ஒப்பாரி. எந்தப் பேப்பரைத் திறந்தாலும் ஒரு பெரியவர் ஆரம்பித்துவிடுவார். ஸ்கை ரூமின் இறால் காக்டெயில், ப்ளூ ஃபாக்ஸ் பாண்டு வாத்தியம், ஃபிர்ப்போ மதியச் சாப்பாடு, லிடோ ரூமில் மிஸ் ஷெஃபாலி ஆடிய ஆட்டம் என்று வரிசையாக வரும். கடைசி வரி மட்டும் எல்லோருக்கும் ஒன்றே: "எல்லாத்தையும் கெடுத்தது கம்யூனிஸ்ட்காரன்."

எங்கள் ஆபீஸில் ஒரு தாதா இருக்கிறார் (பயப்படாதீர்கள், இங்கே தாதா என்றால் அண்ணன்). அவரும் இதையேதான் சொல்வார். பத்து வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதனால் இந்தப் பதிவு.

என் சண்டை இரண்டு. ஒன்று, பழியைத் தப்பான கணக்கில் எழுதுகிறார்கள். இரண்டு, செத்ததற்கு அழுகிறவர்கள் உயிரோடு இருப்பதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

*

ஒப்பாரிக்காரர்களுக்கு சரித்திரம் 1950களில்தான் ஆரம்பிக்கும். அது அதற்கு ரொம்ப முன்னாலேயே ஆரம்பித்தாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் லால்பஜார் பக்கம்தான் கப்பல்காரர்களின் பஞ்ச் ஹவுஸ்களும் டாவர்ன்களும் இருந்தன. ஹார்மோனிக் டாவர்னில் கம்பெனி துரைமார்கள் பாட்டும் நடனமுமாக இருந்தார்கள். இன்று லால்பஜார் என்றால் போலீஸ் தலைமையகம்.

1830இல் ஸ்பென்ஸஸ் ஹோட்டல் வந்தது. ஆசியாவின் ஆரம்பகால ஹோட்டல்களில் ஒன்று. 1840 வாக்கில் டேவிட் வில்சன் என்ற ரொட்டிக் கடைக்காரர், கவர்னர் ஜெனரல் ஆக்லாந்து பேரில் ஒரு ஹோட்டல் ஆரம்பித்தார். அதுதான் பின்னால் கிரேட் ஈஸ்டர்ன். சௌரிங்கியில் ஒரு மேம்சாகிப் நடத்திய போர்டிங் ஹவுஸை வாங்கி கிராண்ட் ஹோட்டலாக வளர்த்தவர் அராத்தூன் ஸ்டீஃபன் என்ற ஆர்மீனியர். 1930களில் டைபாய்டு வந்து விருந்தாளிகள் செத்து, ஹோட்டலை மூடிவிட்டார்கள். 1938இல் அதைக் குத்தகைக்கு எடுத்துத் தூக்கி நிறுத்தியவர் பஞ்சாபிலிருந்து வந்த ஓபராய். ஃபிர்ப்போ இத்தாலிக்காரர். ட்ரிங்காஸ் சுவிஸ்காரர் ஆரம்பித்த கேக் கடை. 1959இல் அதை வாங்கி பாட்டு மேடை ஆக்கியவர்கள் ஒரு பூரி, ஒரு ஜோஷுவா. அதாவது ஒரு பஞ்சாபி, ஒரு யூதர்.

அந்த மேடையில் பாடிப் பெயர் வாங்கியது யார்? நம்ம உஷா ஐயர்! பின்னாளில் உஷா உதுப். 1969 வாக்கில் மவுண்ட் ரோடு சஃபையர் வளாகத்து நைன் ஜெம்ஸில் புடவை கட்டிக்கொண்டு பாடியவர், அங்கிருந்து ட்ரிங்காஸ் வந்தார். அப்புறம் இந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டார். 2024இல் பத்மபூஷண். சஃபையரை இடித்துவிட்டார்கள். ட்ரிங்காஸ் இன்னும் இருக்கிறது.

இந்தப் பட்டியலை ஒரு காரணத்துக்காகத்தான் போட்டேன். ஊர் நடுவில் வெளியூர்க்காரன் வந்து உட்கார, படுக்க, பிழைக்க ஓர் இடம். சத்திரம் கட்டின பரம்பரையில் வந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இவை செத்தால் சாகிறது இறால் காக்டெயில் மட்டும் இல்லை.

*

இப்போது பழிக் கணக்கு.

கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. நேரடி இசைக்குக் கேளிக்கை வரி உதைத்தது. தொழிற்சங்கத் தகராறுகள் இருந்தன. 1993இல் ஸ்கை ரூம் மூடியதற்கும் அதைத்தான் சொல்வார்கள். எல்லாம் பற்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுவது ஆடிட்டா?

இடது முன்னணி வந்தது 1977இல். அதற்கு முந்தைய பக்கங்களைப் பாருங்கள். 1911இல் தலைநகரம் டில்லிக்குப் போகும் என்று அறிவித்தார்கள். 1947இல் பாதி வங்காளம் போயிற்று. 1952 முதல் சரக்குக் கட்டணச் சமன் திட்டம். இந்தப் பக்கத்துச் சுரங்கத்தையும் உலையையும் நம்பி இருந்த எஃகு, நாடு முழுக்க ஒரே விலை. பக்கத்தில் இருப்பதற்கான லாபம் கல்கத்தாவுக்கு ஒரே கையெழுத்தில் போயிற்று. (நம்ம கோயமுத்தூர்க்காரர்கள் கொஞ்சம் சத்தம் போடாமல் இருக்கவும். நமக்கு அதில் லாபம்தான்.) 1967க்குப் பிறகு நக்சல்பாரி, தெருவில் குண்டு. பொழுது சாய்ந்தால் யார் டான்ஸ் பார்க்கப் போவார்கள்?

எல்லாவற்றையும் விடப் பெரிய பதிவு ஒன்று உண்டு. அதை யாருமே சொல்வதில்லை. 1970 ஏப்ரலில் மானேஜிங் ஏஜென்சி முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஆண்ட்ரூ யூல், பேர்ட், மார்ட்டின் பர்ன் மாதிரி கம்பெனிகள் டல்ஹௌசி சதுக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சணல் ஆலை, நிலக்கரிச் சுரங்கம், தேயிலைத் தோட்டம் எல்லாவற்றையும் கமிஷனுக்கு நடத்திய காலம் அது. அந்த ஆபீஸ்களின் அதிகாரிகள்தான் 'பாக்ஸ்வாலா'க்கள். பார்க் ஸ்ட்ரீட் பில்லைக் கட்டியது அவர்கள் பர்ஸ் இல்லை, கம்பெனியின் செலவுக் கணக்கு. சத்யஜித் ராயின் 'சீமாபத்தா' (1971) அந்த ஜாதியைப் பற்றிய படம்தான். நம்ம மிஸ் ஷெஃபாலியும் அதில் உண்டு. கம்பெனிகள் நொடித்துக் கைமாறி பம்பாய்க்குப் போனபோது செலவுக் கணக்கும் கூடவே ரயில் ஏறியது.

வாடிக்கைக்காரர் இல்லாத கடையை எந்தக் கட்சி மூட வேண்டும்? அது தானே மூடிக்கொள்ளும்.

ஒரு சின்ன சோதனை. இடது முன்னணி 2011இல் போயாயிற்று. ஸ்கை ரூம் திரும்ப வந்ததா? ப்ளூ ஃபாக்ஸ் இருந்த இடத்தில் மெக்டொனால்ட்ஸ். ஃபிர்ப்போ கடைத்தெருவாக மாறி, 2002இல் தீப்பிடித்து எரிந்ததும் ஆயிற்று. வியாதி அது மட்டும் என்றால் மருந்து வேலை செய்திருக்க வேண்டுமே.

*

அப்படியென்றால் யார் குற்றவாளி? ஒரு குற்றவாளியை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் அவனுக்குத்தான் ஷேவ் செய்துவிடுகிறேன்.

மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தபோது வங்கி குவார்ட்டர்ஸ் கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. தர்மதலா பக்கம் ஒரு பழைய இடம். பேர் வேண்டாம். கீழே பார், சாப்பாடு. மேலே பதினோரு ரூம். வெள்ளைச் சட்டை போட்ட வயசான பேரர் முதல் நாள் "போஷுன் தாதா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்காருங்கள் என்று அர்த்தம் என்பதுகூட அன்றைக்குத் தெரியாது. நான் கேட்டது எலுமிச்சை சோடா. அதற்கே இரண்டு மணி நேரம் பேப்பர் படிக்க விட்டார்கள். பக்கத்து மேஜையில் கோர்ட் குமாஸ்தா, எதிரே ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். மாயவரத்தில் இருந்து வந்து பேச்சுத்துணை இல்லாமல் கிடந்தவனுக்கு அந்த மேஜைதான் ஊர்.

சில வருஷம் கழித்து கடன் பிரிவில் இருந்தேன். அதே இடத்தின் ஃபைல் என் மேஜைக்கு வந்தது. மூன்றாம் தலைமுறை முதலாளி. பழைய ஒயரிங்கை மாற்ற, சமையலறையைச் சரிசெய்ய, ரூம்களுக்குக் குளியலறை கட்டக் கடன் கேட்டிருந்தார். நான் எழுதிய குறிப்பின் சாரம்: வியாபாரம் தேக்கம், மனையின் சந்தை மதிப்பு மிக நல்லது. கேட்டதில் பாதிதான் கிடைத்தது. பாதி ஒயரிங் என்று ஒன்று உண்டா? இரண்டு வருஷத்தில் விற்றுவிட்டார். இப்போது அங்கே மொபைல் போன் கடைகள்.

விதிப்படி நான் எழுதியதில் தப்பே இல்லை. அதுதான் பிரச்னை. கணக்குத் தரம் 26 என்ன சொல்கிறது? காசு கொடுத்து வாங்கிய குட்வில்லை ஏட்டில் காட்டலாம். தானே உழைத்து வளர்த்த குட்வில்லைச் சொத்தாகக் காட்டக் கூடாது. மூன்று தலைமுறை வாடிக்கை, பேரரின் ஞாபகசக்தி, கோர்ட் குமாஸ்தாவின் நாற்காலி எல்லாவற்றுக்கும் ஏட்டில் மதிப்பு பூஜ்யம். மனைக்கு மட்டும் கோடி. அப்புறம் வாங்க வருகிறவன் எதை வாங்குவான்?

*

"அதுக்குத்தானே ஹெரிடேஜ் பட்டியல் இருக்கு" என்பார் எங்கள் தாதா. இருக்கிறது. அது கட்டடத்துக்கு கிரேடு கொடுக்கும். உள்ளே நடக்கும் தொழிலுக்கு இல்லை.

கிரேட் ஈஸ்டர்னைப் பாருங்கள். 1970களில் மாநில அரசு எடுத்துக்கொண்டு நஷ்டத்தில் ஓட்டியது. 2005இல் தனியாருக்கு விற்றார்கள், ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வு. 2013இல் புதுப்பித்துத் திறந்தார்கள். முகப்பு பளபளக்கிறது. விற்றது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், கல்லாவில் ஓட்டையோடு எத்தனை நாள்? ஆனால் டல்ஹௌசி குமாஸ்தா இன்று அதற்குள் போய் டீ சாப்பிட முடியுமா? சுவர் பிழைத்தது, அவ்வளவுதான்.

வேறு வழியே இல்லையா? இங்கிலாந்தில் 2017 முதல் ஒரு பப்பை இடிக்கவோ வேறு கடையாக மாற்றவோ திட்ட அனுமதி கட்டாயம். லண்டனில் கார்ல்டன் டாவர்ன் என்ற பப்பை 2015இல் அனுமதி இல்லாமல் இடித்தார்கள். இருந்தபடியே திரும்பக் கட்டு என்று உத்தரவு போட்டார்கள். கட்டினார்கள். 2021இல் திறந்தது. நன்ஹெட்டில் ஐவி ஹவுஸ் என்ற பப்பை 2013இல் அந்தப் பேட்டை ஜனங்களே சேர்ந்து வாங்கினார்கள்.

வெள்ளைக்காரன் கதை வேண்டாமா? காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸுக்குப் போங்கள். 1950களின் கடைசியில் காபி போர்டு தன் கடைகளை மூட ஆரம்பித்தபோது, ஏ.கே. கோபாலன் போன்றவர்கள் முன்னால் நிற்க, ஊழியர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து ஊர் ஊராகக் கடையை எடுத்து நடத்தினார்கள். காலேஜ் ஸ்ட்ரீட் கடையும் இன்றுவரை கூட்டுறவுதான். பேரர் தலைப்பாகையோடு வருகிறார், ஒரு காபிக்கு மூன்று மணி நேரம் விடுகிறார். முதலாளியும் தொழிலாளியும் அடித்துக்கொண்டு மூடிய கடைகளைப் பற்றியே பேசுகிறவர்கள், தொழிலாளியே முதலாளியாகி நடக்கும் கடையைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

*

கடைசியாக இரண்டாவது சண்டை.

மெட்ரோ சினிமா பக்கத்துச் சந்தில் 1872இல் ஆரம்பித்த சோட்டா பிரிஸ்டல் இருக்கிறது. முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேஜை. சரக்கு வந்ததும் கையில் காசு. (பெண்களுக்கு நீண்ட காலம் அங்கே இடம் இல்லை. அதையும் பற்றில் எழுதத்தான் வேண்டும். எல்லாப் பழசும் நல்லதில்லை.) கணேஷ் சந்திர அவென்யூவில் பிராட்வே இருக்கிறது. காலேஜ் ஸ்ட்ரீட் பக்கம் ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல் இருக்கிறது. 'பைஸ் ஹோட்டல்' என்பார்கள், மீனுக்குத் தனி, வாழை இலைக்குத் தனி என்று கணக்கு. ஒரு வங்கிக்காரனுக்கு அதைவிட அழகான பில் கிடையாது :-)

இவற்றுக்காக யாரும் ஒப்பாரிக் கட்டுரை எழுதுவதில்லை. இங்கே கேபரே இல்லை, துரைமார் இல்லை. மூடிய பிறகு எழுதுவார்கள்.

"நம்ம ஊர்ல டாஸ்மாக்கால குடும்பம் அழியுது, நீ சாராயக் கடைக்கு அழறியா" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: 1937இல் சேலத்தில் மதுவிலக்கு, 1971இல் தளர்வு, 2003 முதல் சில்லறைக் கடையும் அரசாங்கமே. இத்தனையிலும் நாம் குடியை ஒழிக்கவில்லை. மனுஷன் மனுஷனாக உட்காரும் மேஜையைத்தான் ஒழித்தோம். கம்பிக்குப் பின்னால் கையை நீட்டி வாங்கி, மறைவில் நின்று ஒரே மடக்கில் ஊற்றிக்கொள்வதற்கும், பேப்பர் படித்துக்கொண்டு ஒரு பீரை ஒன்றரை மணி நேரம் குடிப்பதற்கும் வித்தியாசம் இல்லையா?

நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. ஐம்பது வருஷம் ஒரே தொழில் நடந்த இடத்துக்கு, சுவருக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதியைத் தொழிலுக்கும் கொடுங்கள். வேறு கடையாக மாற்றும் முன் ஊரைக் கேளுங்கள். ஊழியர்கள் சேர்ந்து வாங்க வந்தால் அவர்களுக்கு முதல் உரிமை, கடன். அந்தக் கடன் குறிப்பை எழுத என் மாதிரி ஆளை உட்கார வைத்தால், மனை மதிப்புக்குக் கீழே இன்னொரு பத்தி எழுத இடம் விடுங்கள்.

நேற்று எங்கள் தாதா மறுபடியும் ஸ்கை ரூமை ஆரம்பித்தார். வருகிற வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் சோட்டா பிரிஸ்டல் போகலாம், பில் நான் கட்டுகிறேன் என்றேன். இருபது வருஷமாக அந்தச் சந்து வாசல் வழியாகத்தான் மெட்ரோ பிடிக்கப் போகிறாராம். ஒருநாளும் உள்ளே போனதில்லையாம்.

வருகிறேன் என்றிருக்கிறார். பார்ப்போம்.