பாறுக் கழுகின் பணி

பிணந்தின்னி என்று நாம் முகஞ்சுளிக்கும் பாறுக் கழுகு, செத்த மாட்டைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்து ஊரைத் தூய்மையாக்கும் பறவையாகும். 1990களில் இந்தியாவில் இவ்வினம் மளமளவென அழிந்தது. மாடுகளுக்குச் செலுத்தப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலி மருந்தே காரணமென 2004இல் தெரியவந்தது. அது தங்கிய இறைச்சியைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. கழுகுகள் உண்ணாது விட்ட பிணங்கள் தெருநாய்களுக்கு இரையாயின. வெறிநாய்க்கடி அச்சமும் வளர்ந்தது.

தமிழகத்தில் இன்று நீலகிரியை ஒட்டிய மோயாறுப் பள்ளத்தாக்கே இவற்றின் முக்கியப் புகலிடம். துவாக்குடியிலானாலும் வேறெங்கானாலும் பசு, எருமை வளர்க்கும் இல்லத்தார், மனிதருக்கான வலி ஊசியை அவற்றுக்குப் போடலாகாது. கழுகுக்குத் தீங்கற்ற மெலாக்சிகம் உண்டு. கால்நடை மருத்துவரிடம் அதனையே கேளுங்கள்.